ஊரைப் பிடித்தால் பேரைப் பிடிக்கலாம்: பங்க் தொகுப்பு இசைத்தட்டுகளைத் தேடத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு பங்க் இசைத்தட்டு சேகரிப்பதாகச் சொன்னால், கேட்பவருக்கு முதலில் நினைவுக்கு வருவது பெட்ரோல் பங்க்தான். தேசிய நெடுஞ்சாலை 44 ஊரைத் தொட்டுக்கொண்டு போகிற இடத்தில் அது நியாயமான சந்தேகமே. இங்கே பேசப்படுவது 1970-களின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் பெயர் பெற்று, சில ஆண்டுகளுக்குள் ஆக்லாந்து, வான்கூவர், சாவ் பாவ்லோ என்று பரவிய பங்க் ராக் இசை. கிட்டாரில் மூன்று கார்டு (சுரக்கூட்டு) வாசிக்கத் தெரிந்தவுடன் மேடை ஏறிவிட்ட இளைஞர்களின் இசை அது. அதில் பெரிய பெயர் பெற்றவர்களை இன்று எவரும் கைப்பேசியிலேயே கேட்டுவிடலாம். ஆனால் ஒவ்வோர் ஊரிலும் இரண்டொரு பாட்டைப் பதிவுசெய்துவிட்டுக் கலைந்துபோன குழுக்களைத் தேடிப் போக வேண்டுமானால், அந்த ஊர்க் குழுக்களை ஒரே தட்டில் சேர்த்து வெளியிட்ட தொகுப்பு எல்.பி.க்களே (ஒரு பக்கத்தில் பல பாடல்கள் கொள்ளும் பெரிய தட்டுகளே) இன்றும் நம்பகமான வழி.

அறியப்படாத எதையும் நாம் "ஊர்பேர் தெரியாத" என்று சொல்லித் தள்ளிவிடுகிறோம். தொகுப்புத் தட்டைக் கையில் எடுத்தவருக்கு அதில் பாதி தெரிந்துவிடுகிறது. ஊர் உறையிலேயே அச்சாகியிருக்கிறது. மீதிப் பாதியைத் தேடுவதற்கான முறையைத்தான் கீழே எழுதுகிறேன். என் தந்தை காவேரிப்பட்டணத்தில் மைக் செட் கடை வைத்திருந்தவர். தட்டை விளிம்பில் மட்டும் பிடிக்க வேண்டும் என்பதை எழுத்துக் கற்பதற்கு முன்பே அங்கே கற்றுக்கொண்டேன். இந்த வழிகாட்டியில் சில இடங்களில் அந்தக் கடையின் வாசனை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்தத் தொகுப்பில் தொடங்குவது

தொகுப்புகள் இரண்டு வகைப்படும். அந்தந்த ஊரில், அந்தந்தக் காலத்திலேயே, அங்கிருந்தவர்களே தொகுத்தவை முதல் வகை. பல ஆண்டுகள் கழித்துச் சேகரிப்பாளர் ஒருவர் தம் அலமாரியிலிருந்து பொறுக்கியெடுத்துத் தொகுத்தவை இரண்டாம் வகை.

முதல் வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு, நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரக் குழுக்களைக் கொண்டு 1979-இல் வெளிவந்த 'ஏ.கே. 79'. அதே ஆண்டில் கனடாவில் 'வான்கூவர் காம்ப்ளிகேஷன்' வந்தது. 1982-இல் வாஷிங்டன் நகரிலிருந்து டிஸ்கார்டு ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட 'ஃப்ளெக்ஸ் யுவர் ஹெட்' தட்டில் 11 குழுக்களின் 32 பாடல்கள் இருக்கின்றன. அதே 1982-இல் பிரேசிலின் சாவ் பாவ்லோவில் ஓல்யோ செக்கோ, இனோசென்ட்ஸ், கோலெரா என்னும் மூன்று குழுக்களைச் சேர்த்து 'க்ரிட்டோ சுபுர்பானோ' வந்தது. வடக்கு கலிபோர்னியாவையும் நெவாடாவையும் சேர்ந்த 47 குழுக்களை இரண்டு தட்டுகளில் அடைத்த 'நாட் சோ க்வயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரன்ட்' தொகுப்பும் அந்த ஆண்டினதே. அதனோடு 'மேக்சிமம் ராக்கன்ரோல்' என்ற பங்க் இதழின் முதல் இதழையே இணைப்பாகக் கொடுத்தார்கள்.

இரண்டாம் வகையின் மூத்த பிள்ளை 1972-இல் எலெக்ட்ரா நிறுவனம் வெளியிட்ட 'நகெட்ஸ்'. லென்னி கே என்பவர் 1960-களின் நடுப்பகுதியில் அமெரிக்க ஊர்களில் முளைத்த கராஜ் குழுக்களின் (வீட்டுக் கார்க்கொட்டகையில் வாசித்துப் பழகிய இளைஞர் ராக் குழுக்களின்) 27 பாடல்களைத் தொகுத்து, அவர் எழுதிய உறைக்குறிப்பில் 'பங்க் ராக்' என்ற சொல்லையும் பயன்படுத்தினார். பங்க் என்ற இயக்கம் பெயர் சூடிக்கொள்வதற்குச் சில ஆண்டுகள் முன்னரே அந்தச் சொல் ஒரு தொகுப்புத் தட்டின் உறையில் ஏறிவிட்டது. பின்னர் 1983-இல் கிரிப்ட் ரெக்கார்ட்ஸ் 'பேக் ஃப்ரம் தி க்ரேவ்' வரிசையைத் தொடங்கியது. 1980-களின் இறுதியிலிருந்து 'கில்டு பை டெத்' என்ற அனுமதியற்ற தொகுப்பு வரிசை, 1970-களின் இறுதியில் வந்த அரிய பங்க் சிறுதட்டுகளை மறுபடி உலவவிட்டது.

புதியவர்களுக்கு என் ஆலோசனை, முதல் வகையில் ஒரே ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்து ஆறு மாதம் அதிலேயே இருக்க வேண்டும் என்பது. சேகரிப்பாளரின் தொகுப்பில் எல்லாப் பாடலும் அனல் பறக்கும் என்பது உண்மைதான். ஆனால் அங்கே ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் உறவு கிடையாது, ஒருவருடைய ரசனையே அவற்றைக் கட்டிவைத்திருக்கிறது. ஊர்த் தொகுப்பில் நன்றாக வாசிப்பவரும் இருப்பார், டிரம்மைத் தவறவிடுபவரும் இருப்பார். ஆனால் அவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள், ஒரே ஆம்ப்ளிஃபயரை மாற்றி மாற்றி இரவல் வாங்கியவர்கள். 'ஃப்ளெக்ஸ் யுவர் ஹெட்' தட்டில் பின்னாளில் பெரும்புகழ் பெற்ற மைனர் திரெட்டும் இன்று பலரும் அறியாத ரெட் சி குழுவும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள்போல இருக்கிறார்கள். அந்த அக்கம்பக்கம்தான் உங்களுக்குத் தேவையான நூல்முனை.

வெளிநாட்டு ஊர் எதற்கு, நம் பக்கத்து ஊர் கிடையாதா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். சிம்லா சிகரெட்டை விளம்பரப்படுத்துவதற்காக இம்பீரியல் டொபாக்கோ நிறுவனம் நடத்திய அகில இந்திய சிம்லா பீட் போட்டியில் வாசித்த குழுக்களைக் கொண்டு 1970-இலும் 1971-இலும் இரண்டு எல்.பி.க்கள் வந்தன. அவை பங்க் அல்ல, 'நகெட்ஸ்' வகைக் கராஜ் இசைக்கு உறவினர்கள். ஷில்லாங்கின் ஃபென்டோன்ஸ், பெங்களூரின் டைனோசார்ஸ் போன்ற குழுக்கள் அதில் இருக்கின்றன. இங்கிருந்து பேருந்தில் இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேரும் ஊரில் 1970-இல் மின்கிட்டாரோடு நின்ற இளைஞர்கள் இன்று எழுபதைக் கடந்த தாத்தாக்களாக இருப்பார்கள் என்ற எண்ணமே தேடலுக்குப் போதுமான தூண்டுதல். மூலப் பதிப்புக்கு ஆசைப்பட வேண்டாம். பின்னாளில் வந்த மறுபதிப்பே போதும்.

உறையைப் படிப்பது

தட்டு வீட்டுக்கு வந்ததும் உடனே சுழலவிடத் தோன்றும். முதல் ஒரு மணி நேரத்தை உறைக்குக் கொடுங்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, வாசித்தவர்களின் பெயர், பாடலை இயற்றியவர், பதிவு செய்த கூடம், ஒலிப்பதிவாளர், புகைப்படம் எடுத்தவர், நன்றி சொல்லப்பட்டவர்கள் என்று கண்ணில் படும் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். நன்றிப் பட்டியலை எவரும் படிப்பதில்லை. ஆனால் அடுத்த குழுவின் கிட்டார்க்காரர் பெரும்பாலும் அதில்தான் ஒளிந்திருப்பார்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு நான் முதலில் பிடித்துக்கொண்ட நூலையே சொல்கிறேன். 'ஏ.கே. 79' தட்டில் டாய் லவ் என்றொரு குழு இருக்கிறது. அதன் பாடகர் க்ரிஸ் நாக்ஸ். அவர் ஆக்லாந்துக்காரர் அல்லர். தெற்கே டனீடன் நகரில் தி எனிமி என்ற குழுவில் பாடிவிட்டு வந்தவர். டாய் லவ் 1980-இல் கலைந்தது. 1982-இல் டனீடன் குழுக்கள் நான்கிற்கு ஆளுக்கொரு பக்கம் கொடுத்து இரண்டு தட்டுகளாக 'டனீடன் டபுள்' வெளிவந்தபோது, அதன் பதிவு விவரத்தில் மீண்டும் க்ரிஸ் நாக்ஸின் பெயர் வருகிறது. தி சில்ஸ், ஸ்னீக்கி ஃபீலிங்ஸ், தி ஸ்டோன்ஸ், தி வெர்லெய்ன்ஸ் என்ற அந்த நான்கு குழுக்களையும் அவர் தம் நாலு-டிராக் டேப் ரெக்கார்டரில் பதிவு செய்திருந்தார். ஒரே ஒரு பெயரைப் பின்தொடர்ந்ததில் ஒரு தட்டு இரண்டாகியது, ஓர் ஊர் இரண்டாகியது, பங்க் எப்படி மெல்ல வேறோர் இசையாக உருமாறியது என்பதும் காதிலேயே விளங்கியது. எந்தக் கட்டுரையும் எனக்கு அதை அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

பங்க் உறைகளில் இன்னொரு வசதி, இவர்கள் எதையும் மறைத்து வைக்காமல் அச்சிட்டார்கள் என்பது. மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் 1977 ஜனவரியில் தாங்களே வெளியிட்ட 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்' சிறுதட்டின் உறையில், ஒவ்வொரு பாடலும் எத்தனையாவது முயற்சியில் பதிவானது என்பதுவரை இருக்கும். ஸ்க்ரிட்டி பொலிட்டி குழு 1978-இல் தன் முதல் சிறுதட்டின் உறையில் பதிவுக்கும் அச்சுக்கும் ஆன செலவையே வரிசையாக அச்சிட்டது. நம் ஊர்க் கோயில் திருவிழா வரவு செலவு நோட்டீஸ் நினைவுக்கு வந்தால் அது பிழையில்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றே, காசு யாருடையது என்பது எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

உறை முடிந்ததும் தட்டைப் பாருங்கள். கடைசிப் பாட்டைத் தாங்கிய வரி (முள் ஓடும் நுண்பள்ளம்) முடிந்து காகித லேபிள் தொடங்கும் வரை வழவழப்பான ஒரு வளையம் இருக்கும். விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசி டார்ச்சைத் தட்டோடு ஏறக்குறையப் படுக்கவைத்தாற்போல் ஒரு பக்கமாகப் பிடித்து, தட்டை மெல்லத் திருப்பினால், அந்த வளையத்தில் எண்களும் எழுத்துகளும் மின்னி எழும்பும். அச்சுவார்ப்பு எண் (மேட்ரிக்ஸ் நம்பர்) அதுதான். சிலவற்றை எந்திரம் பதித்திருக்கும், சிலவற்றை, மூலத் தட்டில் ஒலி வரிகளை வெட்டியவர் கையால் கீறியிருப்பார். இங்கிலாந்தின் ஜார்ஜ் பெக்கம் என்னும் வெட்டுநர் தாம் வெட்டிய தட்டுகளில் 'போர்க்கி' என்று கையொப்பம் இடுவது பெயர்பெற்ற வழக்கம். இந்த எண்ணை ஒரு புள்ளி, ஒரு கோடு விடாமல் நோட்டில் எழுதி, 2000-ஆம் ஆண்டிலிருந்து இயங்கிவரும், இசைத்தட்டு விவரங்களைத் திரட்டும் டிஸ்காக்ஸ் இணையத் தரவுத்தளத்தில் ஒப்பிட்டால், உங்கள் கையில் இருப்பது முதல் பதிப்பா, மறுபதிப்பா, போலியா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

கருவி

செலவு செய்யத் தொடங்கினால் முடிவில்லாத பகுதி இது, சுருக்கமாகவே சொல்கிறேன். தாத்தா காலத்துப் பெட்டி கிராமபோனில் எல்.பி.யை எக்காரணம் கொண்டும் வைக்காதீர்கள். அந்த இரும்பு ஊசி 78 சுற்று அரக்குத் தட்டுகளுக்கானது. வினைல் தட்டை அது ஒரே முறையில் உழுதுவிடும். வைர முள்ளும், முள்ளின் அழுத்தத்தை 2 கிராம் அளவுக்குச் சரிசெய்யக்கூடிய கையும் உள்ள எளிய டர்ன்டேபிள் போதும். 33⅓, 45 என்ற இரண்டு வேகங்களும் இருக்க வேண்டும். பங்க் குழுக்களின் உயிர் 7 அங்குல 45 சுற்றுச் சிறுதட்டுகளில் இருக்கிறது.

மைக் செட் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பழைய ஆம்ப்ளிஃபயரை வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் கிராமபோனுக்கு என்று ஒரு துளை இருக்கும். அது, முள்ளின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகமான கார்ட்ரிட்ஜின் பழைய கிரிஸ்டல் வகைக்காகச் செய்யப்பட்டது. இன்றைய காந்தக் கார்ட்ரிட்ஜ் தருவது சில மில்லிவோல்ட் மட்டுமே. அதை நேராக அங்கே செருகினால் ஒலி கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல மெலிந்து, கனம் இல்லாமல் கேட்கும். தட்டை வெட்டும்போது கனத்த அடித்தொனியை (பேஸ்) குறைத்தும் கீச்சென்ற உயர்தொனியை (ட்ரெபிள்) கூட்டியும் வெட்டுவார்கள். அதைத் திருப்பிச் சமன்செய்ய ஃபோனோ முன்பெருக்கி ஒன்று இடையில் வேண்டும். சிறு பெட்டிதான், தனியாகவே கிடைக்கும்.

டர்ன்டேபிளை எதன்மேல் வைப்பது என்பதில் மட்டும் உலகத்து ரசிகர்கள் நம்மைப் பார்த்துப் பொறாமைப்படலாம். அவர்கள் அதிர்வை அடக்கக் காசு கொடுத்துக் கிரானைட் பலகை வாங்குகிறார்கள். நமக்குக் கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள பாலீஷ் பட்டறைகளில் வெட்டி மிச்சமான துண்டு, கேட்டால் ஆட்டோ வாடகைக்குக் கிடைக்கும். இரண்டடிக்கு ஒன்றரை அடித் துண்டை எடுத்து, கொத்தனார் ரசமட்டத்தை வைத்துச் சமன் பார்த்துவிட்டு, அடியில் ரப்பர் துண்டுகளைச் செருகுங்கள்.

தண்ணீர், தூசி, வெயில்

பழைய தட்டைக் கழுவியே ஆக வேண்டும். ஆனால் குழாய்த் தண்ணீரிலோ போர் தண்ணீரிலோ கழுவக் கூடாது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு மிகுதி என்பதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஃப்ளூரைடு மட்டுமல்ல, வாளியின் ஓரத்தில் வெள்ளையாகப் படியும் சுண்ணாம்பு உப்பும் அந்த நீரில் உண்டு; அது தட்டின் வரிகளுக்குள்ளும் படியும். பிறகு முள் அதன்மேல் ஏறி இறங்கும்போதெல்லாம் கடுகு வெடிக்கும் சத்தம் கேட்கும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர், ஒரு துளி பாத்திர சோப்பு, மெல்லிய தூரிகை, நூல் உதிராத துணி ஆகியவை போதும். லேபிள் நனையக் கூடாது. டிஸ்டில்டு வாட்டர் பெட்ரோல் பங்க்கிலேயே கிடைக்கிறது. அந்தப் பங்க்குக்கும் இந்தப் பங்க்குக்கும் நான் கண்ட ஒரே தொடர்பு இதுதான்.

வெயிலைப் பற்றி நான் பாடம் கற்றது ஓர் ஏப்ரல் மாதத்தில். பெங்களூரில் வாங்கிய எல்.பி. ஒன்றைப் பேருந்தில் இன்ஜின் மூடிக்குப் பக்கத்தில் சாய்த்துவைத்து, அத்திப்பள்ளி தாண்டுவதற்குள் தூங்கிவிட்டேன். கிருஷ்ணகிரியில் இறங்கிப் பார்த்தபோது தட்டு வெளியே சரியாகத்தான் இருந்தது. சுழலவிட்ட பிறகுதான் விளிம்பு அப்பளம்போல ஏறி இறங்குவது தெரிந்தது. இரண்டு பக்கத்திலும் முதல் பாடல் அலையில் ஆடியது, உள்ளே போகப் போகச் சரியாகியது. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே வைத்து மொட்டை மாடியில் காயவைத்தால் நிமிரும் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு, இருந்ததையும் கெடுத்துக்கொண்டேன். வினைல் 60 டிகிரி வெப்பத்திலேயே நெகிழத் தொடங்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் அந்த அளவை எட்டுவது கடினமல்ல. எனவே வாங்கப் போவதை ஆடிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், அல்லது காலை முதல் பேருந்தில் போய் வெயில் ஏறுவதற்குள் திரும்புங்கள். வீட்டில் தட்டுகளை நிமிர்த்தியே நிறுத்துங்கள். மேற்குச் சுவரில் வேண்டாம்.

வாங்குவது

பெங்களூர் அவென்யூ சாலைப் பக்கத்துப் பழைய புத்தகக் கடைகளில் பங்க் தட்டு கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். அங்கே அலைவது இன்பம்தான், ஆனால் நடைமுறையில் நீங்கள் மறுபதிப்புகளை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கவே வேண்டியிருக்கும். தபால் செலவும் சுங்க வரியும் தட்டின் விலைக்குச் சமமாகவே வந்து நிற்கலாம். மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரே பார்சலாக வரவழைத்தால் தாங்கும். டிஸ்கார்டு போன்ற சில நிறுவனங்கள் இன்றும் தங்கள் பழைய வெளியீடுகளைத் தாங்களே விற்கின்றன. முதலில் அங்கே பாருங்கள், காசு போக வேண்டிய இடத்துக்குப் போகும்.

அரிய சிறுதட்டுகளில் போலிகள் மிகுதி. உறையின் எழுத்து ஓரங்களைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். மூலத்தில் எழுத்து கூர்மையாக இருக்கும். உறையை நகலெடுத்து மறுபடி அச்சிட்டதில் எழுத்துகூடப் புள்ளி புள்ளியாக உடைந்திருக்கும். அச்சுவார்ப்பு எண் தரவுத்தளத்தோடு பொருந்தாவிட்டால் விற்பவர் சொல்லும் கதை எதுவும் உதவாது. கேட்பதற்காக மட்டுமே வாங்குபவருக்குப் போலியும் பாடும் என்பதை மறுக்க மாட்டேன். மூல விலை கொடுத்து அதை வாங்கக் கூடாது என்பதே என் வாதம்.

கேட்பது, பிறகு தேடுவது

தொகுப்புத் தட்டுக்கென்று ஒரு கேட்கும் முறை உண்டு. எல்.பி.யின் வெளி விளிம்பில் முள்ளுக்கு அடியில் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் வரி ஓடுகிறது. லேபிளை நெருங்கும்போது அது 20 சென்டிமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. அதே ஒலியைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கிப் பதிக்க வேண்டியிருப்பதால், உள்வட்டப் பாடல்களில் தெளிவு குறைந்து, 'ச', 'ஸ' ஒலிகள் சிதறும். பத்துப் பதினைந்து பாடல்களை ஒரு பக்கத்தில் திணிக்கும் தொகுப்புகளில் வரிகள் நெருங்கி, ஒலியின் அளவும் குறையும். கல்யாணத்தில் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவர் சமையல்காரரைக் குறை சொல்வதுபோல, பக்கத்தின் கடைசியில் வரும் குழுவை மோசமான குழு என்று முடிவுகட்டிவிடாதீர்கள். நான் இரண்டாம் முறை கேட்கும்போது கடைசிப் பாடலிலிருந்தே தொடங்குவேன். ஒலியைச் சற்றுக் கூட்டிவைப்பேன்.

மூன்று முறை கேட்டபின், மனத்தில் ஒட்டிக்கொண்ட ஒரே ஒரு குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். தரவுத்தளத்தில் அந்தக் குழுவின் பக்கத்திலிருந்து உறுப்பினர் ஒவ்வொருவரின் பக்கத்துக்கும் போய், அவர்கள் முன்னும் பின்னும் வாசித்த குழுக்களை நோட்டில் கோடு போட்டு இணையுங்கள். அடுத்து அக்காலத்துச் சிற்றிதழ்களைப் பாருங்கள். 'மேக்சிமம் ராக்கன்ரோல்' போன்ற இதழ்களின் பழைய பிரதிகள் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் வருடித்து ஏற்றப்பட்டிருக்கின்றன. ஒவ்வோர் ஊரின் செய்திக் கடிதத்திலும் எந்தக் குழு கலைந்தது, யார் யாரோடு சேர்ந்தார் என்ற ஊர் வம்பு தாராளமாக இருக்கும். வரலாறு எழுதுவோருக்கு வம்புதான் ஆதாரம்.

குழு உறுப்பினரையே கண்டுபிடித்துவிட்டால், நிறுவனத்தின் வழியாகவோ அவர் பொதுவில் வைத்திருக்கும் முகவரிக்கோ ஒரு முறை மட்டும் எழுதுங்கள். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். பதினெட்டு வயதில் பாடியதை மறக்க விரும்பும் உரிமை எவருக்கும் உண்டு. எழுதும்போது பொதுவாகப் பாராட்டாமல், உறையில் கண்ட ஒரு விவரத்தைப் பற்றிக் கேளுங்கள். எங்கே பதிவு செய்தீர்கள், அந்த ஆம்ப்ளிஃபயர் யாருடையது என்ற கேள்விக்கு மனிதர்கள் மனம் திறந்து பதில் சொல்கிறார்கள்.

தட்டைக் கணினியில் ஏற்றி வைப்பது நல்லது, முள் தேயாது. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். சத்தத்தை வடிகட்டும் வசதியை மட்டும் தொடாதீர்கள், அது இரைச்சலோடு சேர்த்து இசையையும் வடித்துவிடும். இது உங்கள் பயன்பாட்டுக்கு மட்டுமே, உரிமை குழுவுடையது.

கடைசியாக, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சீட்டு எழுதுங்கள். வாங்கிய நாள், கொடுத்த விலை, அச்சுவார்ப்பு எண், எந்தப் பாட்டில் முள் தாவுகிறது, எந்தப் பெயரைத் தொடர்ந்து எந்த அடுத்த தட்டுக்குப் போனீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். என் தந்தையின் பெட்டியில் ஒவ்வொரு தட்டின் உறைக்குள்ளும் அப்படி ஒரு சீட்டு இருந்தது; எந்த ஊர்த் திருவிழாவில் எந்தப் பாட்டு இரண்டு முறை கேட்கப்பட்டது என்பதுவரை எழுதியிருப்பார். சீட்டை மேசைமேல் வைத்து எழுதி முடித்த பிறகே உறைக்குள் செருகுங்கள். தட்டு உள்ளே இருக்க, உறையின்மேல் வைத்துப் பால்பாயின்ட் பேனாவால் எழுதினால், அந்த அழுத்தம் வரிகளில் போய்ப் பதியும்.